650 ரூபாய் லேபர் நியாயம், 450 ரூபாய் லேபர் அநியாயம்: ஒரு பிரேக், ஒரு கிளட்ச், ஒரு எஸ்டிமேட்

சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட் ஒன்றரைப் பக்கம் இருந்தது. வண்டி பத்து வயது தாண்டிய சிறிய பெட்ரோல் கார். மேனுவல் கியர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நான் சொன்ன கம்ப்ளெயின்ட் இரண்டே இரண்டு. பிரேக் பிடித்தால் முன்பக்கம் கிரீச் என்கிறது. கிளட்ச் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கிறது, பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறதே தவிர வண்டி ஏறவில்லை.

இரண்டு கம்ப்ளெயின்ட்டுக்கு ஏன் ஒன்றரைப் பக்கம் என்று பார்த்தால், லேபர், அதாவது வேலைக்கூலி, என்று எழுதிய வரிகள்தான் அதிகம். முன் பிரேக் பேட் மாற்ற 650. காலிபர் பின் (பேடை டிஸ்கில் அழுத்துகிற கவ்வி நகர்ந்து போய்வரும் சின்னத் தண்டு) கிளீனிங், கிரீஸிங் 450. டிஸ்க் ஸ்கிம்மிங் 1,400. கிளட்ச் மாற்ற 5,600. கியர் ஆயில் மாற்ற 350. ஃப்ளைவீல் (கிளட்ச் உரசுகிற இன்ஜின் சக்கரம்) கிளீனிங் 400. ஏ.சி. ஃபில்டர் மாற்ற 150. அதற்கும் கீழே ஏ.சி. கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி கிளீனிங் என்று நான் கேட்காத இரண்டு. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஸ்பேர் விலை தனி.

லேபர் ஜாஸ்தி என்று புலம்பாத கார்க்காரர் கிடையாது. ஜாஸ்தியா இல்லையா என்று சொல்ல, அந்த வேலை என்ன என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் பிரேக்கை வீட்டிலேயே நானே பிரிப்பது, கிளட்சை வெளியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொடுத்து முழு வேலையையும் கூடவே நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். பிரேக் பேட் முன்பும் மாற்றியிருக்கிறேன், புதிதில்லை. பிரேக் வேலையே செய்து பழகாதவர்கள் தனியாக இறங்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏ.சி. ஃபில்டரை முதலில் முடித்தேன். கிளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஃபில்டர். பழையதை இழு, புதியதில் அம்புக்குறி பார்த்துச் செருகு, மூடு. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஸ்பானரே தேவையில்லை. இதற்கு 150 ரூபாய் லேபர் என்றால், அது ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடாமல் இருப்பதே மனதுக்கு நல்லது.

பிரேக் வேறு மாதிரி.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீல்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்தி, அப்புறம் ஜாக்கி ஏற்றி, உடனே ஸ்டாண்டில் இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டுகிற பழக்கம் நம் தெருவோர வேலைகளில் சர்வசாதாரணம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

வலது பக்கம் பிரச்சினையில்லை. காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேடுகள் கையோடு வந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தன. இடது பக்கத்தில்தான் விஷயம். வெளிப்பக்க பேடில் நல்ல கனம் பாக்கி இருந்தது. உள்பக்க பேட் தகட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தேய்மானத்தைக் காட்டுவதற்கென்று வைத்திருக்கிற சின்ன இரும்பு நாக்கு டிஸ்கில் உரசித்தான் அந்தக் கிரீச்.

ஒரே வீலில் உள் பேட் இவ்வளவு தேய்ந்து வெளி பேட் தேயாமல் இருந்தால் பெரும்பாலும் காரணம் ஸ்லைடு பின்தான். இந்த வகைக் காலிபரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. அது உள் பேடை டிஸ்கின் மேல் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிபர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளி பேடையும் இழுத்து அழுத்த வேண்டும். பின் இறுகிவிட்டால் காலிபர் நகராது. உள் பேட் மட்டும் ஒற்றை ஆளாக உழைக்கும். என் வண்டியில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறையில் ஒரு கீறல். அதன் வழியே தண்ணீரும் மண்ணும் போய், கிரீஸ் காய்ந்து காவி நிறத்தில் களிம்பாகப் பிடித்திருந்தது. பின்னைக் கையால் திருப்பவே முடியவில்லை, இடுக்கி வைத்துத் திருகித்தான் வெளியே எடுத்தேன்.

துடைத்து, மெல்லிய எமரித் தாளால் துருவை மட்டும் எடுத்து, பிரேக் கிளீனர் அடித்து, புதிய ரப்பர் உறை போட்டு, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிகான் கிரீஸைப் பூசினேன். சாதாரண வீல் கிரீஸ் இங்கே ஆகாது; அது ரப்பரை உப்ப வைத்து மறுபடியும் பின்னை இறுக்கிவிடும். கிரீஸ் போட்டதும் பின் ஒரு விரல் அழுத்தத்தில் உள்ளே போய் வந்தது.

இந்த இடத்தில் எஸ்டிமேட்டுக்குத் திரும்ப வேண்டும். காலிபர் பின் கிளீனிங், கிரீஸிங் 450 என்ற வரியைப் பார்த்ததும், சும்மா சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். வேலை சும்மா இல்லை. அதைச் செய்யாமல் புது பேடை மட்டும் மாட்டியிருந்தால், அந்த பேடும் ஒரு பக்கம் தேய்ந்து அதே சத்தத்தோடு திரும்ப வந்திருக்கும். ஆனால் அதற்குத் தனி லேபர் என்பதுதான் இடிக்கிறது. பேட் மாற்றக் காலிபரைத் திறந்தாகிவிட்டது. அதற்கான நேரம் 650-இல் வந்துவிட்டது. பின்னை உருவித் துடைத்துக் கிரீஸ் வைப்பது, ஒழுங்காகப் பேட் மாற்றுவதின் ஒரு பகுதி. முடி வெட்டிவிட்டு, சீப்பால் சீவியதற்குத் தனிக் காசு கேட்பதைப் போன்றது இது. கிரீஸுக்கும் உறைக்கும் விலை போடட்டும், தாராளமாக. அதே போல்ட்டை இரண்டு தடவை கழற்றியதாகக் கணக்கு எழுதுவதுதான் தவறு.

அடுத்து அந்த 1,400 ரூபாய் ஸ்கிம்மிங். டிஸ்கைக் கடைந்து சமமாக்கும் வேலை. பிரேக் பிடிக்கும்போது பெடலோ ஸ்டியரிங்கோ அதிர்ந்தால், அல்லது டிஸ்கில் நகம் மாட்டுகிற அளவு ஆழமான வரிகள் இருந்தால் அது தேவைப்படலாம். எனக்கு அதிர்வே இல்லை. சந்தேகத்துக்குக் கனத்தை அளந்தேன். சாதாரண வெர்னியரை நேராக வைத்தால் தப்பான அளவுதான் வரும். டிஸ்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று நிற்கும், வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்துவிடும். அதற்கு ஒரு வழி, ஒரே மாதிரியான நாணயங்கள் இரண்டு. பேட் உரசுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து மொத்தமாக அளந்து, நாணயங்களின் கனத்தைத் தனியாக அளந்து கழித்துவிட வேண்டும். டிஸ்கிலேயே குறைந்தபட்சக் கனம் அச்சடித்திருக்கும். என் டிஸ்க் அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே இருந்தது. கடைந்திருந்தால் அந்த உபரிதான் தூளாகப் போயிருக்கும். அடுத்த பேட் மாற்றும்போது டிஸ்கையே மாற்றச் சொல்லியிருப்பார்கள். தேவையில்லாத வேலைக்குக் கொடுக்கிற லேபர் ஒரு தடவையோடு முடிவதில்லை.

பிஸ்டனை உள்ளே தள்ளப் பழைய பேடை அதன் மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினேன். பானெட்டுக்கு அடியில் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டம் இதனால் மேலே வரும். வழிந்தால் பெயின்ட் போய்விடும், அதனால் சுற்றிலும் துணி போட்டுக் கண் வைத்திருக்க வேண்டும். காலிபரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைத்திருந்தேன். எல்லாம் மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை அழுத்த வேண்டும். தள்ளி வைத்த பிஸ்டன் பேடைத் தொடுவதற்குச் சில மிதி பிடிக்கும், முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பேட் மாற்றி முடித்த சந்தோஷத்தில் இதை மறந்து கேட்டில் இடித்தவர்கள் உண்டு.

காலையில் ஆரம்பித்து சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. டார்க் ரெஞ்ச், இரண்டு ஸ்டாண்டு, கிளாம்ப், கிரீஸ், கிளீனர் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைத் தொட்டது செலவு. கருவி அடுத்த வேலைக்கும் உதவும், உண்மை. ஆனாலும் லிஃப்டில் ஏற்றி, பயிற்சி பெற்ற ஒருவர், தவறினால் பொறுப்பேற்கிற ஒரு கடையில் இருந்துகொண்டு, இரண்டு வீலுக்கும் சேர்த்து 650 கேட்டால், ஜி.எஸ்.டி.யோடு 767, அது ஜாஸ்தி என்று என் வாய் சொல்லாது. பிரேக் என்பது தப்பினால் உயிர் போகிற இடம். செய்கிற வேலையை வைத்துப் பார்த்தால் மொத்த எஸ்டிமேட்டில் மிகவும் மலிவானது அதுதான்.

இனி கிளட்ச்.

கிட்டை நானே ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். சென்னையில் கார் ஸ்பேர் என்றால் அந்தத் தெருவுக்குப் போகாமல் தீராது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில். பெட்டியோடு போய் இறங்கியதும் அம்பத்தூர் பக்கத்து ஷெட் அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

“ஸ்பேர் நீங்களே வாங்கிட்டு வந்துட்டீங்களா சார்? அப்ப லேபர் 3,000 கட்டாது. 3,500 ஆகும்.”

ஏன் என்று கேட்டேன். மழுப்பாமல் சொன்னார். ஸ்பேர் அவர் எடுத்தால் கடைக்காரர் அவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார். அதை நம்பித்தான் லேபரைக் குறைத்துச் சொல்கிறார்கள். “லேபர் 4,000-ன்னு சொன்னா கஸ்டமர் அடுத்த ஷெட்டுக்குப் போயிடுவாரு. ஸ்பேர்ல 1,000 ஏறினா யாரும் கேக்க மாட்டாங்க சார்.”

இதை அந்த அண்ணன் மேல் குறையாக எழுதவில்லை. குறை நம் பக்கமும் இருக்கிறது. டப்பாவில் அடைத்த பொருளுக்கு எம்.ஆர்.பி. போட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கைவேலைக்கு விலை சொன்னால் பேரம் பேசுகிறோம். அதனால் கைவேலையின் விலை பொருளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்த பிறகு, எந்த மெக்கானிக்குக்கும் பழைய உதிரியைச் சுத்தம் செய்து மாட்டுவதைவிடப் புதியதை மாட்டுவதே லாபம். எனக்குக் கேட்டால் லேபரை 4,500 என்று வெளிப்படையாகச் சொல்லி, ஸ்பேரைக் கடை பில்லோடு கையில் கொடுக்கிற ஷெட்டைத்தான் தேடிப் போவேன்.

3,500-க்கு என்ன வேலை நடந்தது என்று பாருங்கள். பேட்டரியும் அதன் தட்டும் வெளியே. ஏர் ஃபில்டர் பெட்டி வெளியே. கியர் கேபிள்கள், கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார். கீழே கியர் ஆயிலை வடித்து, வீல்களைச் சுழற்றுகிற இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டையும் நெம்பி உருவ வேண்டும். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி முட்டுக் கொடுத்து, மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். கியர் பாக்ஸை இன்ஜினோடு பிடித்திருக்கிற போல்ட்டுகளில் மேலே இருப்பது கண்ணுக்கே தெரியாது. அண்ணன் இரண்டு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, நடுவில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் போல்ட்டின் தலையைத் தேடினார். “கண்ணால பாத்தா வராது சார்.” கிடைத்தது.

பாக்ஸை அவரும் ஷெட்டில் அவருக்கு உதவியாக இருக்கிற தம்பியும் மார்பில் தாங்கி இறக்கினார்கள். லிஃப்ட் கிடையாது, கியர் பாக்ஸ் ஜாக்கி கிடையாது. கம்பெனி சென்டரின் 5,600-க்கும் இந்த 3,500-க்கும் நடுவே இருக்கிற 2,100 எங்கிருந்து வருகிறது என்று அப்போது புரிந்தது. அதில் ஒரு பெரிய பங்கு இந்த இரண்டு பேரின் முதுகெலும்பு. மிச்சம், வாடகை, ஏ.சி. போட்ட வரவேற்பறை, காபி மெஷின்.

பழைய பிளேட்டில் ரிவெட் தலைகள் மட்டத்துக்கு வந்திருந்தன. ஃப்ளைவீலில் நீலம் பூத்த சில திட்டுகள், வழுக்கிச் சூடானதின் அடையாளம். விரிசல் இல்லை, எமரித் தாளில் தேய்த்துத் துடைத்தால் போதும் என்றார். புது பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்குச் சென்டரிங் கருவி உண்டு. இவரிடம் இருந்தது பழைய கியர் பாக்ஸ் ஒன்றிலிருந்து அறுத்து வைத்த இன்புட் ஷாஃப்ட். அதைச் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிரெதிராக இறுக்கினார். ஒரே பக்கமாக இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணிவிடும். பிளேட் நடுவில் இல்லாவிட்டால் பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது ஷாஃப்ட் உள்ளே இறங்காது. இரண்டு பேர் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு கீழே கிடந்து திண்டாட வேண்டும். அவர்களுடையது முதல் தள்ளலிலேயே இறங்கியது.

வேலை நடுவே இடது டிரைவ் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் கசிவதைக் காட்டினார். தம்பியை அனுப்பிச் சீல் வாங்கி வரச் செய்து, தட்டி ஏற்றினார். பில்லில் சீலின் விலை இருந்தது, லேபர் இல்லை. நானே கேட்டேன். “பாக்ஸ் இறங்கிடுச்சு, ஷாஃப்ட் வெளியில இருக்கு. இதுக்கு என்ன சார் தனியா லேபர்?”

கம்பெனி எஸ்டிமேட்டில் கியர் ஆயிலுக்கு 350, ஃப்ளைவீலுக்கு 400. கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர் ஆயிலை வடித்தே ஆக வேண்டும், ஃப்ளைவீலைப் பார்க்காமல் கிளட்ச் மாட்டவே முடியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று லேபர் கைடு புத்தகங்கள் போடுகிறார்கள். மெக்கானிக் முன்னால் முடித்தாலும் பின்னால் முடித்தாலும் கஸ்டமருக்குப் புத்தக நேரம்தான் பில். நம் ஊர் கம்பெனி சென்டர்களும் வேலைக்கு இவ்வளவு என்று நிலையான பட்டியல் வைத்துத்தான் பில் போடுகின்றன. முறை தப்பில்லை, திறமையான ஆள் சீக்கிரம் முடித்ததற்காக அவருக்குக் கூலி குறையக் கூடாது. ஆனால் ஒரு வேலைக்குள் அடங்குகிற இன்னொன்றுக்கு அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும் என்பதும் அதே கணக்கில் அடக்கம். பட்டியலில் இருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து ஒட்டும்போது கழிப்பது மட்டும் விட்டுப்போகிறது.

ஷெட்டுக்கு ஒரேயடியாகக் கொடி பிடிக்கவும் மனம் இல்லை. நம் ஷெட்டுகளில் கோளாறு கண்டுபிடிப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. கேட்டால் நாமும் கொடுப்பதில்லை. “ஒண்ணுமே பண்ணல, பாத்ததுக்கு 500-ஆ?” என்போம். விளைவு, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கட கட சத்தம் வந்தபோது முதலில் லிங்க் ராட் மாற்றினார்கள், அப்புறம் லோயர் ஆர்ம், அப்புறம் ஸ்ட்ரட் மவுன்ட். சத்தம் நின்றதென்னவோ நின்றது. மூன்றில் எது காரணம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதலிலேயே ஒருவர் வண்டியை ஏற்றி, நெம்புகோல் வைத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாக ஆட்டிப் பார்த்ததற்கு ஆயிரம் ரூபாய் வாங்கியிருந்தாலும் லாபம்தான். லேபரிலேயே ரொம்ப நியாயமானது இந்தச் செக்கிங் சார்ஜ் என்பேன்.

எலெக்ட்ரானிக் கோளாறு என்றால் வெளி ஷெட்டுக்குக் கையைக் கட்டிப்போட்ட கதை வேறு. உதிரிகளையும் ஸ்கேன் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்று, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போட்டியே இல்லாத இடத்தில் லேபர் என்ன விலைக்கும் ஏறும் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல? நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் வாகனத் துறையும் ஒரு பிரிவு.

பில் விஷயத்தில் ஒன்று. ஷெட்டில் துண்டுச் சீட்டாக இருந்தாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்த சேவைக்கு பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. தகராறு வந்தால் 1915-க்குப் போன் செய்யலாம். பழைய எஸ்டிமேட்டோடு ஒப்பிடுகிறவர்கள் வரியையும் கவனிக்க வேண்டும். கார் உதிரிகள் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. லேபருக்கு முன்பும் 18, இப்போதும் 18. உதிரி விலை குறையாமல் மொத்தம் அப்படியே இருந்தால் எங்கே ஏறியது என்று கேட்கலாம்.

பின் டிரம் பாக்கி இருந்தது. ஒரு வீல் சிலிண்டரில் ஈரக்கசிவு. அதை மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், இரண்டாவது ஆள் வேண்டும். வீட்டில் செய்ய மனமில்லாமல் அதே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எஸ்டிமேட்டில் ஷூ (டிரம்முக்குள் உரசுகிற பிரேக் கட்டை) மாற்ற 700, வீல் சிலிண்டர் மாற்ற 400, பிரேக் ஏர் எடுக்க 300, டிரம் கிளீனிங் 350.

“சிலிண்டர் மாத்தினா ஏர் எடுக்காம விட முடியுமா சார்?” என்று அட்வைசரிடம் கேட்டேன்.

“முடியாது சார்.”

“டிரம்மைக் கழட்டாம ஷூ மாத்த முடியுமா?”

இளைஞர். ஒரு கணம் என்னைப் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார். மவுஸை இரண்டு முறை கிளிக்கினார். பிரிண்டர் புதுத் தாளைத் துப்பியபோது ஏர் எடுக்கிற 300-உம் கிளீனிங் 350-உம் அதில் இல்லை. ஷூவுக்கு 700, சிலிண்டருக்கு 400. பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.